ஸ்டோர்காரர் வீட்டுக் கம்ப்யூட்டர்

அன்று காலையிலிருந்தே மழை. கொட்டித் தீர்க்கும் மழை இல்லை. வெளியே போகவும் விடாமல் உள்ளே நிம்மதியாக இருக்கவும் விடாமல் நசநசவென்று தூறிக்கொண்டே இருக்கும் மழை. துவைத்த துணிகளைக் கூடத்தில் கொடி கட்டிக் காயப் போட்டிருந்தார்கள். ஈரத் துணிகளுக்குக் கீழே, பக்கத்துத் தகட்டைக் கழற்றிய கம்ப்யூட்டர் பெட்டி தரையில் கிடந்தது. அதன் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான் அந்த வீட்டுச் சின்னவன். அவன் தலைக்கு மேல் நின்றுகொண்டிருந்தாள் அவனுடைய அண்ணி.

சின்னவன் பட்டனை அமுக்கினான். விசிறி சுற்றியது. முன்பக்கத்து நீல விளக்கு எரிந்தது. பிறகு பெட்டிக்குள்ளிருந்து நீளமாக ஒரு பீப், சற்று விட்டு இன்னொரு பீப். திரை கறுப்பாகவே இருந்தது.

"ஏன் தம்பி இப்படிக் கத்துது?"

"மெமரி சரியா உக்காரல அண்ணி. அதைத்தான் சொல்லுது."

"நேத்து வரைக்கும் நல்லாத்தானே உக்காந்திருந்துச்சு?"

"நேத்து இருந்தது பழசு. இது புதுசு. கொஞ்சம் இறுக்கமா இருக்கும். இருங்க, எடுத்து மாட்டிப் பாக்குறேன்."

எடுத்தான், ஊதினான், மாட்டினான். பீப். இடம் மாற்றி மாட்டினான். பீப். பள்ளிக்கூடத்து ரப்பர் ஒன்றைத் தேடி எடுத்து, மெமரித் துண்டின் ஓரத்தில் வரிசையாக இருக்கும் மஞ்சள் பற்களை அழுத்தித் துடைத்தான். அந்தத் தொழிலில் இருப்பவர்கள் எல்லோரும் முதலில் செய்கிற வைத்தியம் அதுதான். ஆனால் ரப்பர் பிடிக்கவில்லை, வழுக்கிக்கொண்டு போனது. மழை ஈரம் என்று நினைத்துக்கொண்டு துணியில் துடைத்து மறுபடியும் மாட்டினான். பீப் பீப் என்றது.

"சரி, புதுசு வேண்டாம். பழசையே மாட்டிடுங்க. மெதுவா ஓடினாலும் பரவாயில்ல, ஓடினாப் போதும்."

அவன் புதியதை எடுத்துவிட்டுப் பழைய இரண்டு துண்டுகளையும் இருந்த இடத்திலேயே மாட்டினான். முந்தின நாள் மாலை வரைக்கும் அவற்றை வைத்துத்தான் அவள் வேலை பார்த்தாள். பட்டனை அமுக்கினான். அதே பீப்.

இப்போதுதான் சின்னவனுக்கு முகம் வெளுத்தது. அண்ணி குனிந்து பெட்டிக்குள் எட்டிப் பார்த்தாள்.

அந்தப் பெட்டிதான் அவளுடைய வேலை. கல்யாண ஆல்பம் தயார் செய்வாள். ஸ்டுடியோக்காரர் எடுத்த படங்களைக் கொடுத்தனுப்புவார். அவள் படத்தில் இருப்பவர்கள் மூக்கில் எண்ணெய் வழிவதைத் துடைப்பாள், பருவை எடுப்பாள், கண்ணை மூடிக்கொண்ட மாமனுக்கு வேறு படத்திலிருந்து கண்ணைக் கொண்டுவந்து திறந்துவைப்பாள், சண்டை போட்டுக்கொண்டு தள்ளித் தள்ளி நின்ற சம்பந்திகளைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்துவாள். அவள் கை பட்டால் எந்தக் கல்யாணமும் நல்ல கல்யாணமாகிவிடும். ஸ்டுடியோக்காரர் புதிய கேமரா வாங்கியதிலிருந்து படங்கள் பெருத்துவிட்டன. ஒரு படத்தைத் திறந்துவிட்டு அரிசி களைந்து உலை வைத்துவிட்டு வரலாம். அதைப் பார்த்துத்தான் சின்னவன் சொன்னான், "மெமரி சேர்த்துட்டா குதிரை மாதிரி ஓடும் அண்ணி, நான் பண்ணித் தரேன்." கேட்கும்போது நன்றாகத்தான் இருந்தது.

சின்னவன் வந்து அதிக நாள் ஆகவில்லை. வெளியூரில் ஒரு செல்போன் கடையில் ரிப்பேர் வேலை பார்த்துக்கொண்டிருந்தான். அந்தக் கடையில் சில போன்கள் காணாமல் போயின. யார் எடுத்தது என்று தெரியவில்லை. தெரியாததால் முதலாளி வேலைக்கு இருந்த எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். அவன் ஒரே ஒரு பையோடு வந்து நின்றான். "நான் எடுக்கல" என்று வாசலிலேயே சொன்னான். அண்ணன், "நாங்க கேக்கலியேடா, உள்ள வா" என்றான். ஆனால் எத்தனை நாளைக்கு என்று யாரும் சொல்லவில்லை. பையைப் பிரித்து அலமாரியில் அடுக்கு என்றும் யாரும் சொல்லவில்லை. அதனால் அவன் சட்டை வேண்டும்போது பையிலிருந்து எடுத்துக்கொண்டு, துவைத்ததும் பைக்குள்ளேயே மடித்து வைத்துக்கொண்டிருந்தான். இந்தக் கம்ப்யூட்டரைச் சரியாகச் செய்து கொடுத்தால், இவன் இங்கே இருக்கட்டும் என்று யாராவது வாயைத் திறந்து சொல்லுவார்கள் என்று அவனுக்கு ஒரு நப்பாசை.

ஜன்னலோரம் நாற்காலியில் பேப்பரைப் பிரித்து வைத்துக்கொண்டு அப்பா உட்கார்ந்திருந்தார். தெருவில் அவரை ஸ்டோர்காரர் என்பார்கள். பஸ் டிப்போவில் உதிரிபாகங்கள் வைக்கும் ஸ்டோரில் ஆயுசு முழுக்க வேலை பார்த்தவர். அவர் இருந்தவரைக்கும் அந்த டிப்போவிலிருந்து ஒரு நட்டுகூட வெளியே போனதில்லை என்று பெருமையாகச் சொல்லுவார். போனதோ இல்லையோ, போயிருக்குமோ என்று அவர் சந்தேகப்படாத நட்டு ஒன்றுகூட அங்கே இருந்ததில்லை. ஓய்வு பெற்ற பிறகு அந்தச் சந்தேகத்தையெல்லாம் மூட்டை கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். அடுக்களையில் டப்பா மூடும் சத்தம் கேட்டால் "யாரு?" என்பார். கதவு தாழ்ப்பாளை மருமகள் போட்டதும் அவர் எழுந்து போய் ஒருமுறை இழுத்துப் பார்ப்பார். அவள் முதலில் கோபப்பட்டாள், பிறகு பழகிக்கொண்டாள்.

இப்போது பேப்பருக்கு மேலாக அவர் கண்கள் கம்ப்யூட்டர் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தன. அவர் பேசினால்கூடத் தாங்கிக்கொள்ளலாம்.

போன் அடித்தது. ஸ்டுடியோக்காரர்.

"என்னம்மா, ஆல்பம் முடிஞ்சுதா? பொண்ணு மாப்பிள்ளை இன்னிக்கு ராத்திரி ஊருக்குக் கிளம்புறாங்க. சாயந்திரம் கையில குடுக்கணும்."

"முடிஞ்சிடும் சார். கம்ப்யூட்டர்ல ஒரு சின்ன வேலை..."

"இப்பப் போயி என்ன வேலை? அம்மா, உண்மையைச் சொல்லு. வேற ஸ்டுடியோக்கு ஏதும் பண்ணிட்டிருக்கியா?"

"ஐயோ, இல்ல சார்!"

"இல்லன்னா சரி. சாயந்திரம் வரலைன்னா எனக்கு வேற ஆள் இருக்கு. தப்பா எடுத்துக்காத."

தப்பாக எடுத்துக்கொள்ளாமல் வேறு எப்படி எடுத்துக்கொள்வது. படங்கள் எல்லாம் அந்தப் பெட்டிக்குள். அவள் முகம் கழுவ உள்ளே போனாள். கண்ணாடிக்கு முன்னால் இருந்த நகப்பூச்சுச் சீசா கண்ணில் பட்டது. நிறமில்லாத பூச்சு. போன வாரம்தான் வாங்கினாள். சீசாவில் பாதி இல்லை. மூடியும் சரியாகத் திருகப்படவில்லை.

அவள் அதைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். வீட்டில் நகத்துக்குப் பூச்சுப் போடுபவள் அவள் ஒருத்தி. பிறகு யார்? சின்னவன் எந்தப் பெண்ணுக்காவது எடுத்துக் கொடுத்திருப்பானோ? இதை எடுத்தவன் வேறு எதை எடுக்கமாட்டான்? ஒரு பாதிச் சீசாவை வைத்துக்கொண்டு அவள் மனம் செல்போன் கடை வரைக்கும் போய்த் திரும்பி வந்தது.

மத்தியானம் அண்ணன்காரன் வந்தான். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன். காலைச் சவாரிக்கும் மாலைச் சவாரிக்கும் நடுவே வந்து சாப்பிட்டுவிட்டுக் கொஞ்சம் கண் அசருவான். அன்றைக்கு அதற்கு வழியில்லை. அவள் அடுக்களையில் அவன் தட்டில் சோற்றையும் உருளைக்கிழங்கு வறுவலையும் வைத்துவிட்டு, தண்ணீர்க் குழாயைத் திறந்து ஓடவிட்டாள். அந்த வீட்டில் ரகசியம் பேச அது ஒன்றுதான் வழி.

"என்னங்க, நான் சொன்னா கோவிச்சுக்கக் கூடாது."

"சொல்லு."

"புதுசுதான் ஓடல, சரி. பழசு ஏன் ஓடல? நேத்து ஓடினது இன்னிக்கு எப்படி ஓடாமப் போகும்?"

"மாட்டும்போது எதாவது ஆயிருக்கும்."

"இல்ல, பழசை எடுத்து வச்சுக்கிட்டு வேற எதையோ மாட்டியிருந்தா?"

அவன் கை சோற்றில் நின்றது. "மெதுவாப் பேசு."

"உங்க தம்பிக்குத்தான் கடையெல்லாம் பழக்கமாச்சே. நல்லதை வித்துட்டு ஓட்டையைக் கொண்டாந்து வைக்கிறது அந்தத் தொழில்ல நடக்காததா? என் நகப்பூச்சுகூடப் பாதியாக் கெடக்குது."

"நகப்பூச்சா? அவன் எதுக்குடி அதை எடுக்கப் போறான்?"

"அதான் எனக்கும் தெரியல. ஒரு தடவை அந்தப் பையைப் பாத்துடுங்க. மனசு ஆறிடும்."

"பைத்தியமா உனக்கு?"

"உங்க தம்பிதானே. நீங்க பாத்தா என்ன? நான் பாத்தாத்தான் தப்பு."

சின்னவன் ரிப்பேர்காரரைக் கூட்டிவரப் போயிருந்தான். தன்னால் ஆகவில்லை என்று அவனே ஒப்புக்கொண்டு, குடையை எடுத்துக்கொண்டு கிளம்பியிருந்தான். அண்ணன்காரன் சாப்பிட்டு முடித்துக் கையைக் கழுவினான். வாசலை ஒருமுறை எட்டிப் பார்த்தான். பிறகு உள்ளறைக்குப் போய்ப் பையின் ஜிப்பை இழுத்தான். மடித்த சட்டைகள், சோப்பு டப்பா, கொஞ்சம் வேலைச் சாமான். மெமரியும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. சட்டைகளைத் தூக்கி அடியில் பார்த்துவிட்டு மறுபடியும் வைத்தான். ஆனால் தம்பி மடிக்கிற மாதிரி அவனுக்கு மடிக்க வராது. தூக்கம் கலைந்து சிணுங்கும் குழந்தையைத் தட்டிக் கொடுப்பதுபோல் சட்டைகளைத் தட்டிச் சமன் செய்தான். தனக்கே அருவருப்பாக இருந்தது.

திரும்பினால், வாசல்படியில் நனைந்த குடையோடு சின்னவன் நின்றுகொண்டிருந்தான்.

"தேடினது கெடச்சுதாண்ணா?"

அண்ணன் பையைக் காலால் சுவரோரம் தள்ளினான். "இல்லடா, அது... துண்டு ஒண்ணு..."

"துண்டு கொடியில காயுது." சின்னவன் குடையை மடக்கி மூலையில் வைத்தான். "ரிப்பேர்காரர் வந்திருக்கார். வாங்க."

ரிப்பேர்காரர் மழைக்கோட்டோடு உள்ளே வந்து சொட்டச் சொட்ட நின்றார். வாய் ஓயாத மனிதர். கோட்டைக் கழற்றுவதற்குள், மழையில் எத்தனை பெட்டி பழுதாகிறது, யார் யார் வீட்டில் எலி புகுந்தது, எந்த டாக்டர் தன் கம்ப்யூட்டருக்குத் தானே வைத்தியம் பார்த்துக் கெடுத்தார் என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். அவர் தரையில் உட்கார்ந்ததும், ஸ்டோர்காரர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவர் முழங்கைக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கண்கொத்திப் பாம்புகூடச் சில நேரம் பார்வையை வேறு பக்கம் திருப்பும். இவர் திருப்பவில்லை.

"ஐயா, நான் ஒண்ணும் எடுத்துட்டுப் போயிடமாட்டேன்."

"நான் ஒண்ணும் சொல்லலியே."

"நீங்க சொல்லல. ஆனா பாக்குறீங்களே."

"பாக்குறதுக்கு என்ன? நீங்க பாருங்க, நானும் பாக்குறேன்."

ரிப்பேர்காரர் புதியதை மாட்டினார், பீப். பழையதை மாட்டினார், பீப். ஒவ்வொன்றாக, இடம் மாற்றி, விசிறியின் ஒயரைப் பிடுங்கிவிட்டு என்று பார்த்தார். எல்லாவற்றுக்கும் அதே பீப்தான். நெற்றியைச் சொறிந்துகொண்டார்.

"இது மெமரி இல்லன்னு கத்துற சத்தம். ஆனா உள்ள மாட்டியிருக்கு. என்கிட்ட இதுக்குத் தோதான மெமரி இப்பக் கையில இல்ல. பெட்டியைக் கடைக்குக் கொண்டுபோயிப் போட்டுப் பாத்தாத் தெரிஞ்சிடும்."

"பெட்டி வெளிய போகாது" என்றார் ஸ்டோர்காரர்.

"கடைக்குத்தான் ஐயா."

"கடையும் வெளியதானே இருக்கு?"

"மாமா, கொஞ்சம் சும்மா இருங்க" என்றாள் மருமகள். "எனக்குச் சாயந்திரத்துக்குள்ள வேணும். என்னதான் ஆயிருக்கும், சொல்லுங்க."

ரிப்பேர்காரர் குரலைத் தாழ்த்தினார். தாழ்த்தினாலும் எல்லோருக்கும் கேட்டது. "ரெண்டே வழிதான் மேடம். புதுசும் போச்சு, பழசும் போச்சு, ஒரே நாள்ல எல்லாமே போச்சுன்னா அது நடக்காது. ஒண்ணு, போர்டு எரிஞ்சிருக்கணும். எரிஞ்ச வாடை ஒண்ணும் இல்ல. இல்லையா..." என்று சொல்லிப் பழைய மெமரியை விரலால் சுண்டினார். "இது உங்க பொருளா இருக்காது. யாரு பிரிச்சது இதை?"

கொடியிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் பெட்டித் தகட்டில் விழுந்தது. அண்ணி சின்னவனைப் பார்த்தாள். காலையிலிருந்து பொத்திப் பொத்தி வைத்திருந்ததெல்லாம் அவள் வாய்க்கு வந்துவிட்டது.

"தம்பி, நான் கேக்குறேன்னு தப்பா நெனைக்காதீங்க. பழசு எங்க?"

"கையில வச்சிருக்காரே அண்ணி, அதுதான்."

"அதுதானா?"

"அண்ணி!"

"என் பொழைப்பு தம்பி அது. வேற எதை வேணா எடுத்திருங்க, நான் கேக்கமாட்டேன். அதை மட்டும் குடுத்துடுங்க."

சின்னவன் அண்ணனைப் பார்த்தான். அண்ணன் கொடியில் தொங்கிய துண்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். சின்னவன் மெல்ல எழுந்தான். "சரி. நான் கிளம்புறேன். இதுக்கு மேல நான் எங்க நின்னு என்னன்னு சொல்றது?"

"நில்லுடா" என்றார் ஸ்டோர்காரர்.

எல்லோரும் திரும்பினார்கள். அவர் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றார். ரிப்பேர்காரர் கையிலிருந்த மெமரித் துண்டை வாங்கினார். முகத்தில் ஒரு களை வந்துவிட்டது. டிப்போவில் யாராவது புதுப் பொருளுக்குப் பதிலாகப் பழையதைத் தள்ளிவிடப் பார்க்கும்போது கையும் களவுமாகப் பிடிப்பாரே, அப்போது வருகிற களை.

"பொருள் மாறல. இது நம்ம வீட்டுப் பொருள்தான். நான் சாட்சி."

"உங்களுக்கு எப்படித் தெரியும் மாமா?"

"இங்க வா. இப்படிச் சாய்ச்சுப் பிடிச்சு வெளிச்சத்துல பாரு. பளபளன்னு தெரியுதா?"

ஜன்னல் வெளிச்சத்தில் அவர் துண்டைச் சாய்த்தார். மஞ்சள் பற்களின் மேல், கண்ணாடியில் மூச்சு விட்ட மாதிரி, மெல்லிய பளபளப்பு ஒன்று ஓடியது.

"நான் போட்ட அடையாளம். பழசு ரெண்டுலயும் போட்டேன், புதுசு ரெண்டுலயும் போட்டேன். எவன் மாத்தினாலும் எனக்குத் தெரிஞ்சிடும். டிப்போல முப்பது வருஷம் இப்படித்தான். அங்க வார்னிஷ். நிறம் இருந்தா கண்டுபிடிச்சுச் சுரண்டிடுவானுங்க. நிறமே இருக்கக் கூடாது. எங்க போடுறேன்னு யாருக்கும் சொல்லமாட்டேன். என் பொண்டாட்டிக்குக்கூடச் சொன்னதில்ல. அவன் திருடல. போதுமா?"

ரிப்பேர்காரர் வாயைத் திறந்தபடியே இருந்தார். அந்த நாளில் அவர் பேசாமல் இருந்தது அந்த ஒரு நேரம்தான்.

"ஐயா, எதை எடுத்துப் போட்டீங்க?"

"வார்னிஷ் தீந்துபோச்சு. மருமக கண்ணாடிகிட்ட ஒரு சீசா இருந்துச்சு. அதுவும் அதே மாதிரிதான்."

"எங்க போட்டீங்க? அந்த மஞ்சப் பல்லு மேலயா?"

"ஆமா. வெளிய போட்டா சுரண்டிடலாம். அது உள்ள சொருகுற எடம். எவனும் அங்க கை வைக்கமாட்டான்."

ரிப்பேர்காரர் தலையில் அடித்துக்கொண்டார். "ஐயா, அந்தப் பல்லு வழியாத்தான் ஐயா கரண்டே போகுது! அது மேல பூசிட்டீங்களே! உள்ள என்ன மாட்டியிருக்குன்னு பெட்டிக்கு எப்படித் தெரியும்? அதான் காலைலேருந்து இல்ல இல்லன்னு கத்திட்டிருக்கு."

ஸ்டோர்காரர் முகம் விழுந்துவிட்டது. துண்டைக் கையில் வைத்துக்கொண்டே மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தார். பஸ்ஸின் இரும்பும் பித்தளையும் பார்த்தவர். பூச்சுப் பட்டாலே நின்றுபோகிற பொருள் உலகத்தில் உண்டென்று அவருக்கு யார் சொன்னார்கள்?

அதற்குப் பிறகு நடந்தது சின்ன வேலைதான். மருமகள் நகப்பூச்சை அழிக்கிற தண்ணியையும் பஞ்சையும் கொண்டுவந்தாள். சின்னவன் பல் பல்லாகத் துடைத்தான். ஊதி உலர வைத்தான். புதியதையும் பழையதையும் சேர்த்தே மாட்டினான். பட்டனை அமுக்கினான். ஒரே ஒரு சின்ன பீப். திரை வெளுத்தது, நீலமானது, எழுத்துகள் ஓடின. கடைசியில் அவள் முந்தின நாள் பாதியில் விட்ட படம் வந்து நின்றது. கண்ணை மூடிக்கொண்டு சிரிக்கிற மணப்பெண். மருமகள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேவிட்டாள்.

ரிப்பேர்காரர் கிளம்பும்போது வாசலில் நின்று, "என் சர்வீஸ்ல எலியைப் பாத்திருக்கேன், எறும்பைப் பாத்திருக்கேன், கம்ப்யூட்டருக்கு நகப்பூச்சு போட்டு இன்னிக்குத்தான் பாக்குறேன்" என்றார். அவர் போகும் வழியில் இருக்கிற அத்தனை வீட்டுக்கும் இது இனிமேல் தெரிந்துவிடும். யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

சின்னவன் பெட்டித் தகட்டை மூடித் திருகிக்கொண்டிருந்தான். திருகியபடியே, திரும்பாமல் கேட்டான்.

"எப்பப்பா போட்டீங்க?"

"நீ சின்ன ஸ்க்ரூ டிரைவர் வாங்க சைக்கிள் கடைக்குப் போனல்ல, அப்ப. எல்லாம் பேப்பர் மேலதான் இருந்துச்சு."

"அப்ப நான் ஒண்ணுமே பண்ணலியேப்பா. கழட்டி வச்சிட்டு மட்டும்தானே போனேன்?"

"பண்ணினதுக்கு அப்புறம் போட்டு என்ன பிரயோஜனம்?"

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஸ்டோரில் அது உண்மையான கணக்கு. ஆனால் வீட்டுக்குள் அந்த வார்த்தை மிகவும் மோசமாக ஒலித்தது. சின்னவன் திருகாணியைக் கீழே வைத்தான்.

"அவன் திருடலன்னு சொன்னீங்களே, அது இந்த அடையாளம் இருந்ததாலதானே? இது இல்லன்னா என்னப்பா சொல்லியிருப்பீங்க?"

ஸ்டோர்காரர் பேப்பரை எடுத்து நான்காக மடித்தார்.

மருமகளுக்கு அப்போது ஒரு சந்தேகம் வந்தது. ஆல்பத்தை விட்டுவிட்டு எழுந்தாள். உள்ளே போய்த் தன் தலை உலர்த்தும் மிஷினை எடுத்துவந்து ஜன்னலில் சாய்த்துப் பார்த்தாள். பிடியின் அடியில் பளபளப்பு. கைப்பையின் கொக்கியில் பளபளப்பு. அடுக்களைக்கு ஓடினாள். மிக்ஸி ஜாடியின் அடியில். கடைசியாகக் கழுத்துச் சங்கிலியைக் கழற்றினாள். அம்மா வீட்டிலிருந்து போட்டுக்கொண்டு வந்த சங்கிலி. கொக்கியின் உள்பக்கம் ஒரு பழுப்புப் புள்ளி. பழைய வார்னிஷ்.

"மாமா, இது எப்ப?"

"நீ வந்த வருஷம். ஒரு நாள் கழட்டிக் குளியலறையில வச்சிட்டு மறந்துட்ட."

"எங்கிட்டேருந்து காப்பாத்தவா?"

"யாருகிட்டேருந்துன்னு இல்லம்மா. வீட்டுக்கு வந்த சாமான், அவ்வளவுதான். எல்லாத்துலயும் போடுவேன்."

அவள் சங்கிலியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். காலையிலிருந்து தான் சின்னவனைப் பார்த்த பார்வையை நினைத்துப் பார்த்தாள். அதே பார்வை இத்தனை வருஷமாகத் தன் முதுகிலும் இருந்திருக்கிறது. அவளுக்கு வெட்கமாகவும் ஆத்திரமாகவும் இருந்தது. எது அதிகம் என்று சொல்ல முடியவில்லை.

அண்ணன்காரன் கைக்கடிகாரத்தைக் கழற்றித் திருப்பிப் பார்த்தான். அதிலும் இருந்தது. "அப்பா, என் மேலயுமா?"

"எல்லாத்துலயும்னு சொன்னேனே."

"அப்ப இவன் சாமான்ல எங்க போட்டீங்க? இவன் பையில?"

"அதுல போடல."

"ஏன்? அதுக்கு மட்டும் ஏன் போடல?"

ஸ்டோர்காரர் கொஞ்சம் யோசித்தார். பொய் சொல்ல அவருக்கு வராது. அதுதான் அவருடைய பெரிய குறை. "அது நம்ம ஸ்டாக் இல்லியே. வந்த பை. இருக்குமோ, எப்பக் கிளம்புமோ. எதுக்குப் போடுறதுன்னு விட்டுட்டேன்."

திருடன் என்று சொல்லியிருந்தால்கூடச் சின்னவன் சண்டை போட்டிருப்பான். இதற்கு என்ன சண்டை போடுவது. அவன் எழுந்து உள்ளறைக்குப் போனான். ஜிப் இழுக்கிற சத்தம் கேட்டது.

"தம்பி" என்று அண்ணி பின்னாலேயே ஓடினாள். "போகாதீங்க தம்பி. நான்தான் கண்டதையும் பேசிட்டேன். உங்கண்ணனைப் பையைப் பாக்கச் சொன்னதும் நான்தான். என்னைத் திட்டிட்டு இருந்துக்கங்க. போகாதீங்க."

அவன் வெளியே வந்தான். தோளில் பை இல்லை. கையில் ஈயத்தை உருக்கிப் பற்றவைக்கிற சால்டரிங் அயர்ன் ஒன்று இருந்தது. போன் ரிப்பேர் செய்கிறவன் சோறு தின்பது அதை வைத்துத்தான். பிடி கறுத்து, அவன் விரல் படுகிற இடத்தில் தேய்ந்து போயிருந்தது. அதை அப்பாவின் மடியில் வைத்தான். கண்ணாடிக்கு முன்னாலிருந்து எடுத்துவந்த நகப்பூச்சுச் சீசாவை அதன் பக்கத்தில் வைத்தான்.

"போடுங்க" என்றான்.

ஸ்டோர்காரர் அந்த இரும்பைக் கையில் எடுத்தார். முன்னும் பின்னும் திருப்பினார். ஒயரை விரலில் ஓட்டிப் பார்த்தார். முனையை முகர்ந்தார். எந்தப் பொருள் உள்ளே வந்தாலும் அவர் அப்படித்தான் பார்ப்பார். பிறகு கேட்டார்.

"இது உன்னோடதா? கடையோடதா?"

"என்னங்க இது, இப்பவும்..." என்று அண்ணி புருஷனைப் பிடித்து இழுத்தாள்.

"என்னோடதுதாம்ப்பா" என்றான் சின்னவன்.

ஸ்டோர்காரர் இரும்பிலிருந்து கண்ணை எடுத்து அவன் முகத்தைப் பார்த்தார். பொருளை மட்டுமே பார்த்துப் பழகிய மனிதர். ஆள் முகத்தில் எதைப் பார்க்க வேண்டும் என்று தெரியாமல் வெகு நேரம் பார்த்தார். வெளியே மழை வலுத்தது. அவர் சீசாவின் மூடியைத் திருகினார். சின்னத் தூரிகையை எடுத்துச் சீசாவின் விளிம்பில் வழித்தார். இரும்பின் மேல் கொண்டுபோனவர், வைக்காமல் கையை நிறுத்தினார்.

"டேய், எங்க போட்டா இது கெடாது?"

சின்னவன் அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, இடத்தை விரலால் தொட்டுக் காட்டினான்.